பாதுகாப்பான அளவு

என் வீட்டுக்காரர் பாடம் நடத்தினால், கீழே செருப்புக் கடை வைத்திருக்கும் கோமதிநாயகம் அண்ணாச்சிக்கும் சேர்த்து மனப்பாடம் ஆகிவிடும். அவ்வளவு சத்தம். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இரண்டு அறை, நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. அதுதான் நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் பாராமெடிக்கல் இன்ஸ்டிடியூட். எக்ஸ்ரே டெக்னீஷியன் டிப்ளமோ படிக்க வரும் பிள்ளைகளுக்குத் தடுப்பின் அந்தப் பக்கம் அவர், கிங்ஸ்லி சார், கதிர்வீச்சு இயற்பியல் நடத்துவார். இந்தப் பக்கம் நான், அனிட்டா மேடம், ஒரு பெட்டி எலும்புகளை வைத்துக்கொண்டு உடற்கூறு நடத்துவேன். என் பாடத்தில் பாதி அவர் சத்தத்தில் அமுங்கிப் போகும்.

அவர் முறையே தனி. கேள்வியை அவர் போடுவார். பதிலைப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும்.

"எக்ஸ்ரே என்பது?"

"மின்காந்த அலை சார்."

"நிறை?"

"இல்லை சார்."

"மின்சுமை?"

"இல்லை சார்."

"தூரம் ரெண்டு மடங்கானா?"

"கதிர் நாலுல ஒண்ணு சார்."

"பாதுகாப்பான அளவு?"

"கிடையாது சார்."

கடைசிப் பதிலுக்கு மட்டும் மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். "எனக்கும் ஒரு சர்டிபிகேட் குடுத்துருங்க மேடம், பூராம் தெரியும்" என்று அண்ணாச்சி என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேலி பண்ணுவார். நான் அதை வீட்டில் வந்து சொன்னால் இவருக்குப் பெருமை தாங்காது. எங்கள் இன்ஸ்டிடியூட்டில் இயற்பியலில் யாரும் ஃபெயில் ஆனதில்லை. அதற்குக் காரணம் இந்தக் கூட்டுப் பாட்டுதான் என்று அவர் நம்பினார், நானும் மறுத்ததில்லை.

பயமுறுத்திப் படிக்க வைப்பதற்கு அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. அவர் முதன்முதலாக வேலைக்குப் போன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக் கதவு பாதிதான் சாத்துமாம். கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரன் ஒன்றே ஒன்று, அதுவும் டாக்டர் உள்ளே வந்தால் டாக்டருக்கு. நோயாளி அசையாமல் இருக்க இவர்தான் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். "நம்ம பிள்ளைகளும் இப்படி ஏதாவது ஒரு சென்டர்லதான் போய் நிக்கப் போகுதுக. அங்கன கணக்குப் போட்டுப் பாக்க நேரம் இருக்காது அனி. கணக்கு மறந்துரும், பயம் மறக்காது" என்பார். கேட்கும்போது சரியாகத்தான் தோன்றும்.

புத்தகத்தின் கடைசியில் ஒரு பாடம் உண்டு. எவ்வளவு கதிர் பட்டால் என்ன ஆகும், எந்த வேலைக்கு எவ்வளவு வரம்பு, மில்லிசீவர்ட், மைக்ரோசீவர்ட் என்று முழுக்க எண்களாக இருக்கும். பரீட்சையில் அந்தப் பாடத்திலிருந்து வரும் கேள்விக்கு எப்போதும் ஒரு 'அல்லது' இருக்கும். 'அல்லது'க்குக் கீழே எக்ஸ்ரே குழாயின் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லியிருப்பார்கள். படம் சுலபம். எனவே அந்தக் கடைசிப் பாடத்தை அவர் வருஷா வருஷம் சாய்ஸில் விட்டுவிடச் சொல்லிவிடுவார். நம் ஊரில் சாய்ஸில் விடாமல் படித்து முடித்தவர்கள் யார் இருக்கிறார்கள்.

யோகலட்சுமி, நான் சொல்ல வரும் வருஷத்துப் பிள்ளை. மேலநீலிதநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அதே ஊரில் மாரிக்கண்ணன் என்பவனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்தோடு படிப்பு போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவளுடைய மாமியார் பேச்சித்தாயே ஒருநாள் மாடி ஏறி வந்து, "கெட்டியாப் படிக்க வைங்க டீச்சரம்மா. நாங்கதான் மழையப் பாத்துக்கிட்டுக் கெடக்கோம், இவளாவது நெழல்ல உக்காந்து வேல பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படி ஒரு மாமியார் கிடைத்த சந்தோஷம் யோகலட்சுமியின் முகத்தில் எப்போதும் இருக்கும். கணக்கில் கெட்டிக்காரி. என் வகுப்பில் தூங்கினாலும் அவர் வகுப்பில் தூங்க மாட்டாள்.

பயிற்சிக்காக அவளை ஊருக்குள் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அனுப்பியிருந்தோம். ஒரு கைக்குழந்தைக்கு நெஞ்சு எக்ஸ்ரே. குழந்தை துள்ளியிருக்கிறது. இருந்த ஒரு ஏப்ரனைக் குழந்தையின் தாய்க்குப் போட்டுவிட்டுக் கால் பக்கம் நிறுத்தி, குழந்தையின் கைகளைத் தலைக்கு மேலே தூக்கி யோகலட்சுமி பிடித்துக்கொண்டாள். முதல் படம் கலங்கிவிட்டதால் மறுபடியும் ஒன்று எடுத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. குழந்தைக்கு நெஞ்சில் சளி என்று படம் காட்டியதாம், மருந்து கொடுத்து அனுப்பினார்களாம். அவள் அதை மறுநாள் வகுப்பில் ஆசையாகச் சொல்லப் போக, இவர் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, நீ ஆளா, ஸ்டாண்டா? ஏப்ரன் இல்லாம எப்படிப் போய் நின்ன?"

"குழந்தை அழுதுச்சு சார்."

"நாளைக்கு நீ அழுவ. பாதுகாப்பான அளவு?"

வகுப்பே பதில் சொன்னது. அவளும் நின்றபடியே சொன்னாள். தடுப்பின் இந்தப் பக்கம் விலா எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் திட்டியதில் தப்பு இல்லை. ஏப்ரன் இல்லாமல் நிற்கக் கூடாதுதான், அதுவும் பழக்கமாகிவிட்டால் கெடுதிதான். அது வேறு, அந்த ஒரு தடவையில் அவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்பது வேறு. அந்த இரண்டாவதை அவர் சொல்லவே இல்லை.

அதன் பிறகு ஒரு மாதம் போல ஆகியிருக்கும். இனி சொல்லுவதை நான் நேரில் பார்க்கவில்லை. அன்று நான் தேர்வுக் கட்டண விஷயமாகத் தென்காசி போயிருந்தேன். அவளுடைய தோழி ரூபியா பிறகு சொல்லித்தான் தெரியும்.

வகுப்பு முடியும் நேரத்தில் யோகலட்சுமி எழுந்து நின்றிருக்கிறாள். "சார், ஒரு டவுட். கன்சீவா இருக்கது தெரியாமலே ஒரு ஸ்டாஃப் எக்ஸ்போஸ் ஆயிட்டாங்கன்னா, ஃபீட்டஸுக்கு என்ன ஆகும் சார்?"

இவருக்குக் குஷி தாங்கவில்லை. அது ஐந்து மார்க் கேள்வி. "சபாஷ். எல்லாரும் எழுதுங்க" என்று போர்டுப் பக்கம் திரும்பிவிட்டார். உறுப்புக் குறைபாடு, மூளை வளர்ச்சிக் குறைவு, எடைக் குறைவு, ரத்தப் புற்றுநோய் என்று ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார். அவர் எழுத்து மணிமணியாக இருக்கும்.

அவள் உட்காரவில்லை. "எவ்வளவு பட்டா சார் இப்படி ஆகும்?"

இவர் வகுப்பைப் பார்த்துச் சிரித்தார். "எவ்வளவுன்னு கேக்கா. என்ன எழுதணும்? பாதுகாப்பான அளவு?"

"கிடையாது சார்."

அவள் உட்கார்ந்து அதையும் எழுதிக்கொண்டாள் என்று ரூபியா சொன்னாள்.

வயிற்றில் பிள்ளை இருப்பதை மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லுகிற வழக்கம் எங்கள் பக்கம் யாருக்கும் இல்லை, எந்த மதமானாலும். அதிலும் ஓர் ஆண் வாத்தியாரிடம், ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று ஒரு பெண் எப்படிச் சொல்லுவாள்? அதனால் அவள் அதைப் பரீட்சைக் கேள்வியாக்கிக் கேட்டாள். இவர் பரீட்சைப் பதிலைச் சொன்னார். இவ்வளவு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியும், ஒரு பெண்பிள்ளை 'ஒரு ஸ்டாஃப்' என்று இழுத்தால் அது யார் என்று இந்த மனிதருக்குத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகு யோகலட்சுமி வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். ஒருநாள் மத்தியானம், நான் டிபன் பாக்ஸைத் திறந்தபோது ரூபியா வந்து பக்கத்தில் நின்றாள். துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"மேடம், யோகு என்னைய யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்கா. ஆனா எனக்கு ராத்திரி ஒறக்கம் வர மாட்டேங்கு."

எல்லாவற்றையும் சொன்னாள். குழந்தையைப் பிடித்தபோதே யோகலட்சுமிக்குக் கரு தங்கியிருந்தது, அது அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு நாளைக் கணக்குப் பண்ணிப் பார்த்து நடுங்கிப் போயிருக்கிறாள். வீட்டில் சொல்லி, எல்லோரும் அழுது, கலைத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். "இந்த வாரம் போகணும்னு சொன்னா மேடம். என்னைக்குன்னு தெரியல."

சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனேன். இவர் தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். கையைக் கழுவக்கூட இல்லை, எழுந்து போர்டுக்குப் போனார். இடது கையால் சாக்பீஸை எடுத்து எழுத ஆரம்பித்தார். கைக்குழந்தைக்கு நெஞ்சுப் படம் எடுக்க எவ்வளவு கதிர் வேண்டும். அது குழந்தையின் மேல் பட்டுச் சிதறினால் ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு போகும், ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அவள் அதில் பாதி தூரத்தில் நின்றிருப்பாள், அப்படியானால் நான்கு மடங்கு. இரண்டு படம், அதனால் இரண்டால் பெருக்கு. சாய்ஸில் விட்ட பாடம் முழுவதும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

கடைசியில் வந்த எண்ணுக்குக் கீழே கோடு போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"ஒண்ணுமே இல்ல அனி. சும்மா வீட்டுல உக்காந்திருந்தாலே மண்ணுலேருந்தும் வானத்துலேருந்தும் நம்ம மேல கதிர் விழத்தான் செய்யுது. அதுல ஒரு நாள் அளவுகூட இது வரல. உறுப்புக் குறை வரணும்னா இத மாதிரி லட்சம் படம் எடுத்தாலும் காணாது."

"பின்ன ஏன் பாதுகாப்பான அளவு கிடையாதுன்னு சொன்னீங்க?"

"அது கேன்சருக்குச் சொல்லுதது. வாய்ப்பு எவ்வளவு கம்மியானாலும் பூஜ்யம்னு எடுத்துக்கிடக் கூடாது, முடிஞ்ச மட்டும் கொறைக்கணும்னு வச்சிருக்க விதி. கையி காலு வளராமப் போறது வேற. அதுக்கு ஒரு அளவு உண்டு, அதத் தாண்டாம வராது." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "ரெண்டையும் நான் ஒரே பதிலாத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்."

யோகலட்சுமியின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவள் புருஷன் நம்பர் எங்களிடம் இல்லை. இரண்டு பேரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். நல்ல உச்சி வெயில். வழி நெடுக அவர் எதிர்க்காற்றில் கத்திக் கத்தி ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். மாமியாருக்கு எப்படிச் சொல்லுவது, மைக்ரோசீவர்ட் என்று சொன்னால் புரியாது, வெயிலை வைத்துச் சொல்லலாமா, மழையை வைத்துச் சொல்லலாமா என்று. நான் பின்னால் உட்கார்ந்து ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தேன். பிள்ளை பிறந்ததும் நாம்தான் முதல் தொட்டில் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றுகூட நினைத்துவிட்டேன்.

வீட்டு முற்றத்தில் உளுந்து காயப் போட்டிருந்தது. பேச்சித்தாய் எங்களைப் பார்த்ததும் சேலையை உதறி இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாங்க சார், வாங்க டீச்சரம்மா. நீங்களே வந்துட்டீங்களே இவளத் தேடி."

உள்ளே பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்த யோகலட்சுமி எழுந்து உட்கார்ந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. இவருக்குத் தெரியவில்லை. "அம்மா, ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தோம்" என்று ஆரம்பித்துவிட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"எல்லாம் முடிஞ்சிட்டு சார்" என்றாள் பேச்சித்தாய். "முந்தாநாளு வெளியூர்ல ஒரு டாக்டரம்மாட்டக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துட்டோம். எக்ஸ்ரே ரூம்ல நிக்க புள்ளன்னு சொன்னோம். அவங்களும் மேக்கொண்டு ஒண்ணும் கேக்கல."

அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"சாருதான் காப்பாத்துனீங்க. நீங்க சொல்லிக் குடுக்கலன்னா இந்தப் புள்ளைக்கு என்ன தெரியும், எங்களுக்குத்தான் என்ன தெரியும். கையி காலு வெளங்காம ஒண்ணு பெறந்து, அது காலம் பூராம் கெடந்து சங்கடப்படணும்லா. எனக்கு வயிறு எரியத்தான் செய்யுது சார், மொதப் பேரப்புள்ள. ஆனா படிச்சவங்க சொல்லும்போது கேட்டுக்கிடணும்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருங்க, கலர் வாங்கிட்டு வாரேன்" என்று கடைக்குப் போனாள்.

அவள் திரும்பி வரும் வரை நாங்கள் மூன்று பேர்தான் அந்த அறையில் இருந்தோம். மாரிக்கண்ணன் காட்டுக்குப் போயிருந்தான். சொல்லுவதென்றால் அதுதான் நேரம். அவர் வாயைத் திறப்பார், மூடுவார். யோகலட்சுமி தலையைக் குனிந்துகொண்டு, "அட்டெண்டன்ஸ் கொறஞ்சிருமா சார்?" என்று கேட்டாள்.

"அத நான் பாத்துக்கிடுதேன்மா. நீ உடம்பப் பாரு."

அவ்வளவுதான் அவர் பேசியது. பேச்சித்தாய் கொண்டு வந்து கொடுத்த கலரை ஒரே மூச்சில் குடித்தார். அவர் இனிப்பு சேர்க்கக் கூடாது. நான் தடுக்கவில்லை.

ஊர் எல்லை தாண்டியதும் ஒரு பருத்திக் காட்டு ஓரம் வண்டியை நிறுத்தினார். இறங்கி வரப்பில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எங்கள் அப்பா இறந்தபோது அழுத மனிதர்தான், ஆனால் இது வேறு அழுகை. எனக்குத் தேற்றத் தோன்றவில்லை. மனதிலிருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா அவ என்ன ஆவா அனி?"

"சொல்லலன்னா மத்தப் பிள்ளைக என்ன ஆகும்? நாளைக்கு இன்னொருத்தி இதே கேள்விய வந்து கேப்பா."

"மத்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். கட்டாயம் சொல்லுவேன். இவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். செஞ்சது சரின்னு நெனச்சாவது அவ ஒறங்கட்டும்."

அவர் சொன்னதிலும் இரக்கம் இருந்தது, நான் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டு போன பிள்ளையைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கொஞ்ச நாள் கழித்து யோகலட்சுமி வகுப்புக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். சிரிப்பு பழையபடி இல்லை, ஆனாலும் முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். இவர் கடைசிப் பாடத்தை நடத்த ஒரு நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் லீவு போடும் நாளில் நடத்திவிடலாம் என்று எண்ணம். அவளோ மழை பெய்தாலும் பஸ் வராவிட்டாலும் வந்து நின்றாள். பரீட்சை நெருங்கிவிட்டது. கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை என்னிடம் வந்து, "இன்னைக்குக் கடைசிப் பாடம் நடத்துதேன். அந்தப் பீரியடுக்கு அவள நீ கூப்பிட்டுக்கோ. எலும்பப் பிரிச்சு அடுக்கணும்னு ஏதாவது சொல்லு" என்றார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பெரியவர்களைத் துணைக்குக் கூப்பிடும் பையனைப் போல இருந்தது. எனக்குச் சம்மதமில்லை. இருந்தாலும் கூப்பிட்டுக்கொண்டேன்.

யோகலட்சுமி என் அறையில் தரையில் உட்கார்ந்து, கை எலும்புகளைத் தனியாகவும் கால் எலும்புகளைத் தனியாகவும் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அவர் குரல் ஆரம்பித்தது. அன்று அவர் மெதுவாகத்தான் பேசினார். ஆனால் பாடம் நடத்தும்போது மெதுவாகப் பேசுவது என்பது அவருக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் வராது.

"உடம்புக்கு வர்ற கெடுதல் ரெண்டு வகை. இத யாரும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கிடக் கூடாது. இவ்வளவு நாளு நானே கொழப்பித்தான் சொல்லிருக்கேன், அத அடிச்சிட்டுப் புதுசா எழுதுங்க."

அவள் கை நின்றது. நான் பெட்டியைச் சத்தமாக இழுத்துப் போட்டேன். "முதுகெலும்ப எடு யோகு, மேலேருந்து வரிசையா வை" என்றேன். அவள் எடுத்தாள். ஆனால் வைக்கவில்லை.

அந்தப் பக்கம் கணக்குக்குப் போய்விட்டார். "ஒரு கைக்குழந்தைக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கோம்னு வச்சிக்கிடுங்க. ஒரு ஸ்டாஃப் பக்கத்துல நின்னு பிடிச்சிக்கிடுதாங்க." எனக்கு அங்கே ஓடிப் போய் அவர் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. உலகத்தில் வேறு உதாரணமே இல்லையா இந்த மனிதருக்கு. அவர் வேண்டுமென்று சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. அத்தனை நாளும் அவர் மனசுக்குள் அந்த ஒரு கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது, வாயைத் திறந்ததும் அது வந்துவிட்டது.

யோகலட்சுமி என் மேஜையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தாள். பழைய கேள்வித்தாளின் பின்பக்கம் எண்களை எழுத ஆரம்பித்தாள். அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல அவள் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஆயிரத்தில் ஒன்று. பாதித் தூரம். நான்கு மடங்கு. அவர் விடையைச் சொல்லும் முன்பே பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"ரெண்டாவது படத்துக்கு நான் ஒரு எட்டு பின்னால வந்திருந்தேன் மேடம்" என்றாள். "அதையும் சேத்தா இன்னும் கம்மி."

நான் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொட்டால் உடைந்துவிடுவாளோ என்று கையை வைக்கப் பயந்தேன். அவள் அழவில்லை. அந்த விடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாருக்கு இது எப்போ தெரியும் மேடம்?"

பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "உன் வீட்டுக்கு வந்த அன்னைக்கே தெரியும். அதச் சொல்லத்தான் வந்தோம்மா."

"அதான் ஒண்ணும் பேசாமப் போனாரா." பென்சிலைத் திரும்ப எடுத்து அந்த விடைக்குக் கீழே கோடு போட்டாள். "நான் கேட்டேன் மேடம். எவ்வளவு பட்டான்னு நான் கேட்டேன்."

"கேட்ட மக்கா. நீ சரியாத்தான் கேட்ட."

எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தைக்கு மட்டும் தெரிய வேண்டாம் மேடம். சார் காப்பாத்திட்டாருன்னு தெருப் பூராம் சொல்லிக்கிட்டுத் திரியுதாங்க. அத நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்கு இது போதும். மாமாவும் அவங்களும் அப்படியே இருந்துட்டுப் போகட்டும்." மாமா என்று அவள் சொன்னது மாரிக்கண்ணனை.

"நீ?"

பிரித்த எலும்புகளைப் பெட்டியில் எடுத்து வைத்து மூடினாள். சுடிதாரில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நான் கிளாஸுக்குப் போறேன் மேடம். மீதிப் பாடத்தையும் கேக்கணும்."

"வேண்டாம்மா, இன்னைக்கு வீட்டுக்குப் போ. நான் சொல்லிக்கிடுதேன்."

"இல்ல மேடம்."

அவள் வெளியே போகும் சத்தமும், பக்கத்து அறைக் கதவு திறக்கும் சத்தமும் கேட்டது. அவர் குரல் ஒரு எண்ணின் நடுவில் நின்றது. பெஞ்சு இழுபடும் சத்தம் வந்தது, அவள் உட்கார்ந்திருப்பாள். அதன் பிறகு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. என்ன செய்கிறார் இவர், போய்ப் பார்க்கலாமா என்று எழுந்தேன்.

அப்போது யோகலட்சுமியின் குரல் கேட்டது.

"நடத்துங்க சார்."